வளவில் நின்ற வண்டி

கண்டி மாநகரில் வசிப்போருக்கு நிலத்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாற்புறமும் மலை, நடுவே வாவி, வாவியைச் சூழ ஒடுங்கிய வீதிகள். மலைச் சரிவை வெட்டிச் சமன்செய்து எழுப்பிய வீடுகளுக்கு முற்றமென்று வாய்ப்பது பெரும்பாலும் ஒரு பாயளவு இடமே. அந்தப் பாயளவு இடத்தில் துளசி மாடம் வேண்டும். துணி உலர்த்தக் கொடி வேண்டும். பிள்ளைகள் ஓடியாட வேண்டும். அத்தகைய முற்றத்தில் பிறருக்குரிய பழைய மோட்டார் வண்டியொன்று பதினெட்டு மாதங்கள் அசையாது நின்றால் என்ன நேரும்? எமது வளவில் நேர்ந்ததை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். எம்மைப் போன்ற இக்கட்டில் அகப்பட்டோர் இந்நாட்டில் பலர் உளர் என்பதை நாம் அறிவோம். அவர்களுக்கு இது சிறிதேனும் பயன்படலாம்.

“நிற்கட்டும் தம்பி”

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியை இலங்கையர் எவரும் எளிதில் மறக்கமாட்டார். எரிவாயுவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு ஒரு வரிசை என்று நாடே வரிசையில் நின்ற காலம் அது. பின்னர் எரிபொருள் அனுமதி முறை வந்தது. தொடக்கத்திற் காரொன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தனர். ஓட்ட வழியின்றி வண்டியை நிறுத்திவைத்தோர் பலர். வாழ வழியின்றி நாட்டைவிட்டே புறப்பட்டோரும் பலர்.

அம்பிட்டிய செல்லும் வீதியின் மேற்சரிவில் அமைந்துள்ளது எமது வீடு. அதன் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தார் ஓர் இளைஞர். தனியார் நிறுவனமொன்றிற் கணக்கெழுதும் பணி. நான்காண்டுகளில் ஒரு மாதமேனும் வாடகை தவறியவரல்லர். உரத்த குரலிற் பேசியவருமல்லர். அந்த ஆண்டு செப்டெம்பரில் வளைகுடா நாடொன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை எம்மிடம் வந்தார்.

“சேர், இரண்டே மாதம். கொழும்பிலிருந்து அத்தான் வந்து காரை எடுத்துக்கொண்டு போவார். அதுவரைக்கும் இந்த மூலையில் நிற்கட்டுமா?” என்று கேட்டார்.

“நிற்கட்டும் தம்பி” என்றோம் நாம்.

எழுத்திலே எதுவும் வாங்கவில்லை. அத்தானின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்கவில்லை. வண்டியின் திறப்பைக்கூட வாங்கிவைக்கவில்லை. நல்ல பிள்ளையிடம் இவற்றைக் கேட்பது நம்பிக்கைக் குறைவாகுமென்று எண்ணினோம். பின்வந்த துன்பம் யாவும் அந்த எண்ணத்திற் பிறந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கின்றோம்.

சன்னியும் காய்ச்சலும்

இரண்டு மாதம் கழிந்தது, அத்தான் வரவில்லை. ஆறு மாதம் கழிந்தது. இளைஞரின் தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லையென்று இயந்திரக் குரல் கூறிற்று. வண்டிமீது அவர் போர்த்திச் சென்ற நீலநிறப் படங்கில் பலாச் சருகு குவிந்தது. ரயர் நான்கும் காற்றிழந்து மண்ணோடு படிந்தன. முன்மூடியின் உட்புறத்தில் எலிகள் குடும்பம் நடத்தின. நாமோ, “பிறர் பொருள், கை வைக்கலாகாது” என்று அவ்வழியே பாராதவர்போற் போய்வந்துகொண்டிருந்தோம்.

அது ஒரு நிசான் சன்னி. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வெயிலொளி மிக்கது என்பது பொருள் என்று எமது அன்னையாருக்கு விளக்கினோம். எண்பது வயதைக் கடந்த அவர் அதை ஏற்கவில்லை. “சன்னியென்றால் எங்களுக்குத் தெரிந்தது காய்ச்சற் சன்னிதான் தம்பி. அந்தப் பெயரோடு ஒரு வண்டியை வளவுக்குள்ளே விடலாமோ?” என்று கேட்டு நகைத்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்ன சொல் 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எம்மைச் சுட்டது. கீழ்வீட்டில் வாழும் முஸ்லிம் குடும்பத்தின் மகன், பத்து வயதுச் சிறுவன், நாள்தோறும் எமது முற்றத்தில் வந்து பந்து விளையாடுபவன், காய்ச்சலில் வீழ்ந்தான். மூன்றாம் நாள் டெங்கு என்று உறுதியாயிற்று. குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை வீழ்ந்துகொண்டே போக, மருத்துவமனையில் அவன் தாய் இரண்டு இரவுகள் கண்மூடவில்லை. இறையருளாலும் மருத்துவர், தாதியரின் கவனத்தாலும் எட்டாம் நாள் வீடு திரும்பினான்.

அவன் மருத்துவமனையில் இருக்கும்போதே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எமது ஒழுங்கைக்கு வந்தார். ஒவ்வொரு வளவாகப் பார்த்துவந்தவர் எமது வளவில் நின்றுவிட்டார். படங்கின் மடிப்புக்களிலே மழைநீர் குளமாய்த் தேங்கியிருந்தது. வண்டியின் பின்னே சாத்தியிருந்த பழைய ரயர்கள் இரண்டினுள்ளும் நீர். கைவிளக்கை அடித்துக் காட்டினார். நூற்றுக்கணக்கான நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

அச்சிறுவனைக் கடித்த நுளம்பு எமது வளவிற் பிறந்ததா என்பதை எவரும் நிறுவ முடியாது. பிறக்கவில்லை என்று சத்தியஞ் செய்யவும் எம்மால் முடியாது. கல்லூரியில் டெங்கு ஒழிப்புச் சிரமதானத்துக்கு மாணவரை அணிவகுத்து அழைத்துச் சென்ற ஆசிரியர் நாம் என்பதை நினைக்கும்போது தலை குனிவதன்றி வேறு வழியில்லை. சிறுவனின் தாயார் பின்னர் எமது மனைவியிடம், “அக்கா, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது” என்றாராம். குறை சொல்லியிருந்தால் எமக்கு இலேசாயிருந்திருக்கும்.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

“வண்டி எம்முடையதன்று” என்று பரிசோதகரிடம் சொன்னோம். அவர் மரியாதையாகவே மறுமொழி கூறினார்: வண்டி யாருடையது என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை, வளவு யாருடையது என்றே கேட்கிறது.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம், நுளம்பு பெருகுவதற்கு ஏதுவான நிலை தமது இடத்தில் ஏற்படாமற் காக்கும் கடமையை அவ்விடத்தின் உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் மீதே சுமத்தியுள்ளது. சிரட்டையாயினும், ரயராயினும், அயலான் விட்டுச்சென்ற மோட்டார் வண்டியாயினும் ஒன்றே. பரிசோதகர் எம்மை நீதிமன்றுக்கு இழுக்கவில்லை. குறித்த நாட்களுள் நிலைமையைச் சீர்செய்யுமாறு எழுத்தில் அறிவித்துச் சென்றார்.

இந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு சாக்கடையைத் தேடுவதில்லை. சிறு கலங்களில் அசையாது நிற்கும் ஓரளவு தெளிந்த நீரையே நாடுகிறது. பகற்பொழுதிற் கடிக்கிறது. அதன் முட்டைகள் ஈரம் உலர்ந்த பின்னரும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். அடுத்த மழை வந்து நனைத்ததும் பொரிக்கும். ஏறக்குறைய ஏழு முதற் பத்து நாட்களில் குடம்பி நுளம்பாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் மாறிமாறி மழை பொழியும் கண்டிப் பகுதியில் இதற்கு வாய்ப்புக் குறைவில்லை. 2017 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 186,000 க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400 க்கு மேற்பட்டோர் உயிர்நீத்தனர்.

பழைய ரயரும் நுளம்பும் கொண்ட உறவு கடல்கடந்தது. ஆசிய நாடுகளிற் காணப்பட்ட வரிநுளம்பு வகையொன்று 1985 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர்ப்புறத்திற் பெருகியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஆசியாவிலிருந்து கப்பலேறிய பழைய ரயர்களின் உள்ளே தங்கியே அது சென்றது என்பது ஆய்வாளர் துணிபு. ரயரின் உட்குழியில் நிற்கும் ஒரு கோப்பை நீர் ஒரு கண்டத்துக்கே நோயைக் கொண்டுசெல்ல வல்லதாயின், அயல்வீட்டுக்குக் கொண்டுசெல்வது அரிதா?

விற்றுவிடலாமா?

அன்றே படங்கைக் களைந்தோம், நீரை வடித்தோம், ரயர்களைக் கூரையின் கீழ் அடுக்கினோம். ஆயினும் வண்டி வண்டியாகவே நின்றது. அது நிற்கும்வரை எமக்கும் அயலாருக்கும் நிம்மதியில்லை.

இவ்வேளையில் இருவர் வந்து சேர்ந்தனர். முதலாமவர் பழைய இரும்பு வாங்குபவர். “மாஸ்டர், லொறி கொண்டு வருகிறேன். ஒரு மணித்தியாலத்தில் இடம் வெளியாகிவிடும்” என்றார். இரண்டாமவர் வாகனத் தரகர். 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் அரசாங்கம் மோட்டார் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி வரை நீங்கவில்லை. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை எவரும் எதிர்பாராத உயரத்துக்குச் சென்றது. துருப்பிடித்த சன்னிக்குத் தரகர் கூறிய தொகை எமது ஆறுமாதச் சம்பளத்திலும் அதிகம்.

உண்மையை மறைக்காமற் சொல்வதானால், அன்றிரவு எமது மனம் தராசாடிற்று. “பதின்மூன்று மாத வாடகை போல இருக்கட்டுமே, அவன் எங்கே, கார் எங்கே” என்று ஒரு தட்டுச் சொல்லியது. வீட்டில் எவரும் தடுத்திருக்கமாட்டார். அயலார் மகிழ்ந்திருப்பர். எனினும் மறுநாள் தரகரை அழைக்குமுன், எமது பழைய மாணவரும் இப்போது கண்டியிற் சட்டத்தரணியாகத் தொழில்புரிபவருமான ஒருவரைப் போய்க் கண்டோம்.

புயலில் எறிந்த சரக்கு

“சேர், அவர் காரை விட்டுச் சென்றாரா, கைவிட்டுச் சென்றாரா?” என்று கேட்டார் மாணவர்.

இரண்டும் ஒன்றல்லவா என்றோம். அல்லவென்று அவர் விளக்கிய பாடம், நாம் அவருக்குக் கற்பித்த எந்தப் பாடத்திலும் சுவையானது.

இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படை உரோம – டச்சுச் சட்டமாகும். ஒல்லாந்தர் கரையோர மாகாணங்களை ஆண்டபோது கொணர்ந்த அதனை, 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் வழியே ஆங்கிலேயர் தொடரவிட்டனர். பின்னாளில், கண்டிச் சட்டம் வாய்திறவாத விடயங்களில் மலைநாட்டுக்கும் அது பொருந்தலாயிற்று. அதன் வேர் உரோமப் பேரரசர் யஸ்டீனியன் 533 ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்டப் பாடநூலில் உள்ளது. உரியவன் இனித் தனக்கு வேண்டாமென்ற எண்ணத்தோடு எறிந்த பொருள் எவருக்கும் உரியதன்று. முதலில் எடுப்பவன் உடையவனாவான் என்கிறது அந்நூல்.

ஆனால் அடுத்தே மற்றொன்றையும் கூறுகிறது. புயலில் அகப்பட்ட கப்பலின் பாரங் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிகின்றனர். அச்சரக்கு அலையில் ஒதுங்கிக் கரைசேர்கிறது. அதை எடுப்பவன் உடையவனாவானா? ஆகான். எறிந்தவன் வேண்டாமென்று எறியவில்லை, உயிர்தப்பவே எறிந்தான். ஆதலின் பொருள் இன்னும் அவனுடையதே. தன் ஆதாயங் கருதி அதை எடுப்பவன் திருடனாவான்.

“2022 ஆம் ஆண்டு ஒரு புயல் அல்லவா, சேர்?” என்றார் மாணவர். எமக்கு விடை கூற நா எழவில்லை.

கைவிடுதல் என்பது பொருளின் நிலையைப் பொறுத்ததன்று; உரியவனின் கருத்தைப் பொறுத்தது. ரயர் காற்றிழந்ததும், எலி குடியேறியதும், வருமான உத்தரவுப் பத்திரத்தின் தவணை தப்பியதும் அவன் கைவிட்டான் என்பதற்குத் தனித்துச் சான்றாகா. கருத்தை அறியாமல் விற்றிருப்பின் எம்மீது குடியியல் வழக்கு மாத்திரமன்று, 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி நேர்மையீனமாகப் பொருளைக் கையாடிய குற்றச்சாட்டும் எழக்கூடும்.

நம் முன்னோரும் இதை அறியாதவரல்லர். உரியவன் காணாமற்போன பொருளை அரசன் மூன்றாண்டு காத்துவைத்தல் வேண்டும், அதற்குள் உரியவன் வரின் கொடுத்துவிடல் வேண்டும் என்று விதிக்கிறது மனுநூல். தமிழிலோ “அடைக்கலப் பொருள்” என்ற அழகிய சொல்லே உண்டு. சிலப்பதிகாரத்தில் ஒரு காதை அடைக்கலக் காதையென்றே பெயர் பெற்றுள்ளது. அடைக்கலம் வைத்தவன் திரும்பிவரத் தாமதித்தான் என்பதனால் அது அடைக்கலம் அல்லாமற் போய்விடுவதில்லை.

பதிவிலிருந்த பெயர்

அதன்பின் மாணவர் சொன்ன வழியே நடந்தோம். முதலில் வண்டியின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம், நின்ற நிலை ஆகியவற்றை எழுதி, நாற்புறமும் படமெடுத்துத் திகதியிட்டோம். கிராம உத்தியோகத்தரிடம் அறிவித்தோம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டுப் புத்தகத்திற் பதிந்தோம். இது மிக இன்றியமையாதது. இவ்வாறு நிற்கும் வண்டி களவுபோன வண்டியாகவோ குற்றமொன்றிற் பயன்பட்ட வண்டியாகவோ இருக்கக்கூடும். பதினொரு மாதம் வாளாவிருந்தவர் பின்னர் “எனக்கொன்றும் தெரியாது” என்றால் யார் நம்புவர்?

இளைஞரின் வாடகை ஒப்பந்தத்திற் கண்ட பதுளை முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். அவ்விடத்தில் எவருமில்லையென்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. அடுத்து, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிய கட்டணஞ் செலுத்திப் பதிவு விபரம் பெற்றோம். வியப்பு அங்கே காத்திருந்தது. பதிவிலிருந்த பெயர் இளைஞருடையதன்று. நாம் ஒருநாளும் கேள்வியுறாத, மாத்தளையைச் சேர்ந்த ஒருவருடையது.

கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் அம்முதியவர் பஸ்ஸேறி எமது வீட்டுக்கே வந்துவிட்டார். எழுபத்தைந்து வயதிருக்கும். கை நடுங்கிற்று. “ஐயா, இருபது வருடத்துக்கு முன்னே நான் விற்ற கார் இது. இன்றைக்கும் நான்தான் சொந்தக்காரன் என்று எனக்கே தெரியாது!” என்றார்.

நடந்தது இதுவே. நம் நாட்டில் வாகனம் விற்போர் பலர், வாங்குபவரின் பெயரை எழுதாமலே மாற்றப் பத்திரத்திற் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவர். வாங்கியவர் தம் பெயருக்கு மாற்றாமல் ஓட்டுவார். அதே பத்திரத்தோடு இன்னொருவருக்கு விற்பதும் உண்டு. “ஓபன் பேப்பர்” என்று இதற்குப் பெயர். வாகனம் கைமாறிய 14 நாட்களுள் இருதரப்பாரும் அறிவித்தல் வேண்டுமென்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. விதி புத்தகத்திலிருக்க, வண்டி வீதியிலோடும். அந்த வண்டி யாரையேனும் மோதிவிட்டு மறைந்திருந்தால் பொலிஸார் முதலிற் சென்று தட்டும் கதவு மாத்தளை முதியவருடையதாயிருந்திருக்கும்.

முதியவரின் ஞாபகசக்தி எமக்குப் பெரும் உதவியாயிற்று. தாம் பதுளையைச் சேர்ந்த புகையிரதக் காவலர் ஒருவருக்கு விற்றதாகவும், அவர் காலமாகிவிட்டதாகவும், அவரின் மகளொருத்தி ஹற்றனில் மணமுடித்து வாழ்வதாகவும் கூறினார். அந்தக் காவலரே எமது இளைஞரின் தந்தையார். பத்து நாளில் தங்கையைக் கண்டோம். தங்கை மூலம் தமையனைக் கண்டோம்.

ஒரு ஞாயிறு மாலை தொலைபேசி ஒலித்தது. “சேர், கோபிக்க வேண்டாம்” என்று தொடங்கிய குரல் சிறிது நேரம் மேலே செல்லவில்லை. சென்ற மூன்றாம் மாதமே வேலை போயிற்றாம். அத்தானும் வேறு நாட்டுக்குச் சென்றுவிட்டாராம். கையிற் பணமில்லாமல் எம்மை அழைக்க வெட்கி நாளைக் கடத்தினாராம். “காரை விற்றுவிடுங்கள் என்று உங்களுக்கு எழுத நினைத்தேன் சேர். மனம் வரவில்லை. அது அப்பாவின் கார். எங்களை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன கார்” என்றார்.

தரகரிடம் சரியென்று சொல்லியிருந்தால் அந்தக் குரலுக்கு நாம் என்ன மறுமொழி கூறியிருப்போம்? அதே வேளை, கீழ்வீட்டுச் சிறுவனைப் பற்றியும் அவரிடம் கூறினோம். கூறாமல் விடுவது நியாயமாகப் படவில்லை. நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, அச்சிறுவனின் தாயாரிடம் தாமே பேசவேண்டுமென்று கேட்டார்; பேசினார். என்ன பேசினாரென்று நாம் கேட்கவில்லை.

பிற நாட்டார் செய்வது

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. மோட்டார் வண்டி பெருகிய நாடுகள் யாவும் இதனோடு மல்லாடியிருக்கின்றன. இங்கிலாந்தில் 1967 ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்ட வாகனங்களை அகற்றும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்கப்பட்டது. 1978 ஆம் ஆண்டுச் சட்டமும் வண்டியைக் கைவிட்டுச் செல்வதைக் குற்றமாக வகுத்தது. தனியார் காணியில் நிற்பதாயின் அகற்றுமுன் காணியில் இருப்பவருக்கு 15 நாள் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். ஆங்கும் அவசரக் கைக்கு இடமில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

ஜப்பான் நோயின் மூலத்தையே நாடியது. அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகளில், வண்டியை நிறுத்த இடமுண்டு என்று பொலிஸாரிடம் சான்று பெறாமற் காரைப் பதியவியலாது. இதற்கான சட்டம் 1962 இல் எழுந்தது. 2005 முதல் நடைமுறையிலுள்ள மற்றொரு சட்டத்தின்படி, புதுக்கார் வாங்கும்போதே அதன் இறுதிக்கிரியைக்கான செலவையும் வாங்குபவர் முன்கூட்டிச் செலுத்திவிடுகிறார். எமது வீதிகளில் ஓடும் கார்களிற் பல ஜப்பானிலிருந்தே வந்தவை. அவற்றோடு இந்த நல்ல வழக்கமும் இறக்குமதியாயிருக்கலாகாதா?

வண்டி புறப்பட்டது

மீதிக் கதை சிறிது. இளைஞர் அங்குள்ள இலங்கைத் தூதரகம் மூலம் தங்கைக்கு அற்றோணித் தத்துவம் அனுப்பினார். மாத்தளை முதியவர் மறுபடி வந்து, இம்முறை வாங்குபவரின் பெயர் எழுதிய பத்திரத்திற் கையொப்பமிட்டுப் பாரந் தீர்ந்தவராய்த் திரும்பினார். பழைய வண்டிகளைப் புதுக்கும் கட்டுகஸ்தோட்டை இளைஞர் ஒருவர் நியாய விலைக்கு வாங்கினார். விற்ற பணத்தில் எமது தபாற்செலவையும் பதிவுக் கட்டணத்தையும் மாத்திரம் பெற்றுக்கொண்டோம். பிறர் பொருளைக் காத்தவர் அதற்கான நியாயமான செலவைக் கேட்டுப் பெறுவதற்குச் சட்டம் இடந்தருகிறது. நிலவாடகை கேட்க எமக்கு மனமில்லை; நாமும் காக்கவேண்டிய முறையிற் காக்கவில்லையே.

2024 ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு காலை லொறியொன்று வந்து சன்னியை ஏற்றிச் சென்றது. கீழ்வீட்டுச் சிறுவன் மதிலேறி நின்று வேடிக்கை பார்த்தான். வண்டி நின்ற இடத்திற் புல் வெளுத்திருந்தது. அடுத்த மழைக்கு அதுவும் பச்சையாயிற்று.

வாசகர்களுக்குச் சில சொற்கள்

இத்தகைய வண்டி உங்கள் வளவில் நிற்பின், இரண்டு தவறுகளைச் செய்யாதீர்கள் என்பதே எமது வேண்டுகோள். ஒன்று, கோபங்கொண்டோ ஆசைகொண்டோ அதை உங்களுடையதாக்கிக்கொள்வது. மற்றது, பிறர் பொருள் என்ற போர்வையில் அதைப் பாராதிருப்பது. முதலாவதைத் தவிர்த்தோம், இரண்டாவதில் வழுக்கினோம். உரிமை அவருடையதாயினும் பொறுப்பு உங்களுடையதே. விற்காதீர்கள், ஓட்டாதீர்கள், உதிரிப் பாகங்களைக் கழற்றாதீர்கள்; ஆனால் வாரத்துக்கொருமுறை நீரை வடியுங்கள், சருகை நீக்குங்கள், படங்கை இழுத்துக் கட்டுங்கள்.

மேலே கூறிய ஒழுங்கிலே கிராம உத்தியோகத்தர், பொலிஸ், திணைக்களப் பதிவு, பதிவுத் தபால் என்று படிப்படியாகச் செல்லுங்கள். கடிதத்திற் தவணை குறிப்பிட்டு, பிரதியையும் தபாற் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். உரியவர் இன்னாரென்று தெரிந்தும் எடுக்க மறுத்தால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபையை நாடலாம். அங்கே சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் வேண்டியதில்லை. அங்கும் தீராவிடின் நீதிமன்றக் கட்டளையோடு அகற்றுங்கள், கட்டளையின்றி அகற்றாதீர்கள்.

கடல்கடந்து செல்லும் மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். ஊரில் ஒரு பொருளை விட்டுச் செல்கின்றீர்களா? யார் எடுப்பார், எப்போது எடுப்பார், எடுக்காவிடின் என்ன செய்யலாம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள், திறப்பையும் கொடுங்கள். துன்பம் வந்தால் வெட்கத்தில் மௌனமாகாதீர்கள். ஒரு தொலைபேசி அழைப்பு பதினெட்டு மாதச் சுமையை இறக்கியிருக்கும்.

சென்ற மாதம், இப்போது எமது கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருக்கும் பல்கலைக்கழக மாணவர், விடுமுறைக்கு மட்டக்களப்புக்குப் புறப்படும்போது, தமது மோட்டார்ச் சைக்கிள் முற்றத்தில் நிற்கலாமா என்று கேட்டார்.

“நிற்கட்டும் தம்பி” என்றோம். உள்ளே சென்று ஒரு தாளும் பேனையும் எடுத்துவந்து அவர் முன்னே வைத்தோம்.